மாவட்டம் மாகாணத்துக்குக் கீழே வருகிறதா? இலங்கையின் நிர்வாகப் பிரிவுகள் பற்றி

கேள்வி இப்படி வந்திருக்கிறது: இலங்கையில் 9 மாகாணம், 25 மாவட்டம் என்று படித்திருக்கிறோம். தேர்தல் முடிவு அறிவிக்கும்போது மட்டும் 22 மாவட்டம் என்கிறார்கள், அது ஏன்? பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றா? மாகாணம் மேலே, மாவட்டம் கீழே என்றால், அரசாங்க அதிபர் ஆளுநருக்குக் கீழே வேலை செய்பவரா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை தாமாக விளங்கிவிடும். அரசாங்க அதிபர், இன்றைய பெயரில் மாவட்டச் செயலாளர், ஆளுநருக்கும் கீழே இல்லை, முதலமைச்சருக்கும் கீழே இல்லை. அவர் கொழும்பில் உள்ள உள்நாட்டு அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சின் ஆள். வரைபடத்தைப் பார்த்தால் யாழ்ப்பாண மாவட்டம் வட மாகாணத்துக்கு உள்ளே கிடக்கிறது, உண்மைதான். அதிகாரம் அந்த வழியில் இறங்குவதில்லை.

இலங்கையில் இரண்டு நிர்வாக வரிசைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்று மத்திய அரசின் வரிசை: அமைச்சு, மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம அலுவலர். இதில் யாரையும் நாம் வாக்குப் போட்டுத் தெரிவதில்லை, எல்லாரும் அரச உத்தியோகத்தர்கள். மற்றது தெரிவு செய்யப்படும் சபைகள்: மாகாண சபை, அதற்கு அடுத்து மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. மாவட்ட மட்டத்தில் முதல் வரிசைக்குப் பலமான அலுவலகம் இருக்கிறது, இரண்டாவது வரிசைக்கு ஒன்றுமே இல்லை. மாவட்ட சபை என்று ஒன்று இன்று கிடையாது. அரசியல்வாதிகள் கூடுகிற மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. அது கூட்டம்தான், தெரிவான சபை அல்ல.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அரசியலமைப்பின் 5ஆம் உறுப்புரை நாட்டின் ஆள்புலம் எது என்று சொல்கிறது. அங்கே மாகாணம் என்ற பேச்சே இல்லை. 25 நிர்வாக மாவட்டங்களும் நாட்டைச் சூழ்ந்த ஆள்புலக் கடலும் சேர்ந்ததுதான் இலங்கைக் குடியரசு என்கிறது. மாவட்டங்களின் பெயர்கள் முதலாம் அட்டவணையில் இருக்கின்றன. மாகாணங்களின் பட்டியல், மாகாண சபைகளை உண்டாக்கிய 1987இன் 13ஆம் திருத்தத்தோடுதான் எட்டாம் அட்டவணையாக உள்ளே வந்தது. வயதில் மாகாணம் மூத்தது, சட்டத்தில் மாவட்டம் அடித்தளம். இந்தத் தலைகீழ் எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. சில வருடங்களிலேயே அங்கே பெரிய கிளர்ச்சி. அதன் பிறகு 1833இல், ஆங்கிலேய அரசு அனுப்பிய கோல்புறூக் விசாரணைக் குழுவின் சிபாரிசுப்படி தீவு முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, மத்தி என்று ஐந்தே மாகாணங்கள். கண்டி இராச்சியத்தின் நிலத்தைத் துண்டு துண்டாக இந்த ஐந்துக்கும் பிரித்துச் சேர்த்தார்கள். கண்டியர் தனி ஓர் ஆட்சிப் பரப்பாக மறுபடி எழக்கூடாது என்பதே இதன் நோக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. அனுராதபுரம் சார்ந்த நுவரகலாவிய அப்போது வட மாகாணத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த அரசாங்க அதிபர்தான் அனுராதபுரத்தின் குளங்களுக்கும் பொறுப்பு! டைக் என்ற ஆங்கிலேய அதிகாரி 1867 வரை ஏறத்தாழ நாற்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்து வடக்கை ஆண்டார். ஆண்டார் என்பது மிகையான சொல் அல்ல. வரி, காணி, தெரு என்று எல்லாமே அந்தக் காலத்தில் கச்சேரிக்குள், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்குள், அடங்கியவைதான்.

ஐந்து போதவில்லை. 1845இல் வடமேல் மாகாணம், 1873இல் வடமத்திய மாகாணம், 1886இல் ஊவா, 1889இல் சப்ரகமுவ என்று நான்கு கூடின. ஒன்பது என்ற எண்ணிக்கை அன்று நின்றதுதான், இன்று வரை மாறவில்லை. மாகாண எல்லைகளும் பெரும்பாலும் அந்தக் காலத்துக் கோடுகளே.

ஆனால் மாகாணத்தின் மதிப்பு குறைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1955 அளவில், நிர்வாகத்தின் முதன்மை அலகு என்ற இடம் மாவட்டத்துக்குப் போனது. மாகாணம் ஏறத்தாழ முப்பது வருடம் வரைபடத்தில் மட்டும் இருந்த பெயர். இந்த இடைக்காலத்தில்தான் மாவட்டங்கள் பெருகின. 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை. 1978இல் கொழும்பிலிருந்து கம்பஹா. அதே வருடம் பெரும்பாலும் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு. கடைசியாக 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் பெருநிலப் பகுதியைப் பிரித்துக் கிளிநொச்சி. 1978 அரசியலமைப்பு எழுதியபோது மாவட்டங்கள் 24. கிளிநொச்சிக்காகவே ஏழாம் திருத்தத்தில் அந்த எண்ணை 25 ஆக்கினார்கள்.

மாவட்டத்துக்குத் தெரிவான சபை கொடுக்கும் முயற்சி ஒருமுறை நடந்தது. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் வைத்தார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது அந்தத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னர்தான். சபைகளுக்குப் போதிய பணமும் கொடுக்கவில்லை, அதிகாரமும் கொடுக்கவில்லை. சில வருடங்களில் அவை இல்லாமல் போயின. 1987இல் இந்திய இலங்கை உடன்பாட்டுக்குப் பிறகு அதிகாரத்தை எந்த அலகுக்குப் பகிர்வது என்ற கேள்வி வந்தபோது, மாவட்டத்தைத் தாண்டிப் பழைய மாகாணத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதுதான் மாகாண சபை. ஆனால் இருந்த கச்சேரிகளை யாரும் கலைக்கவில்லை, மாகாணத்திடம் ஒப்படைக்கவும் இல்லை. இரண்டு வரிசை உண்டானது இப்படித்தான்.

ஒன்பது மாகாணத்துக்குள்ளும் 25 மாவட்டம் எப்படிப் பிரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடக்கில் ஐந்து: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிழக்கில் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை. மத்தியில் கண்டி, மாத்தளை, நுவரெலியா. மேற்கில் கொழும்பு, கம்பஹா, களுத்துறை. தெற்கில் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை. மற்ற நான்கு மாகாணங்களுக்கும் இரண்டிரண்டு: குருநாகலும் புத்தளமும், அனுராதபுரமும் பொலன்னறுவையும், பதுளையும் மொனராகலையும், இரத்தினபுரியும் கேகாலையும். பரப்பில் பெரியது அனுராதபுரம், 7,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். சிறியது கொழும்பு, 700க்குச் சற்றுக் குறைவு. சனத்தொகையில் அதே கொழும்புதான் முதலாவது: 2012 கணக்கெடுப்பில் 23 லட்சம் பேர். அந்தக் கணக்கில் முல்லைத்தீவில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே தரத்தில் ஒரு மாவட்டச் செயலாளர்.

இனித் தேர்தல் எண்ணிக்கை. நாடாளுமன்றத் தேர்தலுக்கு நாடு 22 தேர்தல் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வித்தியாசம் முழுவதும் வடக்கில்தான். யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னி. மற்ற மாகாணங்களில் நிர்வாக மாவட்டமே தேர்தல் மாவட்டம். நாடாளுமன்றத்தின் 225 பேரில் 196 பேர் இந்த 22 மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியல். 196இல் ஒவ்வொரு மாகாணத்துக்கும் நான்கு என்று 36 ஆசனம் முன்கூட்டியே ஒதுக்கப்படும். மிச்சம் 160உம் பதிவான வாக்காளர் தொகைப்படி பங்கிடப்படும். அதனால்தான் போரும் புலம்பெயர்வும் யாழ்ப்பாணத்தின் ஆசனங்களைத் தின்றன: 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. மாகாண சபைத் தேர்தலில் கணக்கு வேறு. அங்கே கிளிநொச்சியைத் தனியாகவே எண்ணுவார்கள். 2013இல் வட மாகாண சபைக்கு அது நான்கு உறுப்பினர்களைத் தெரிந்தது.

அடுத்து, எல்லாரும் குழம்புகிற இடம்: பிரதேச செயலகமும் பிரதேச சபையும். பெயர் ஒட்டி இருப்பதால் கடிதங்கள்கூடத் தவறான கட்டடத்துக்குப் போகின்றன. பிரதேச செயலகம் மத்திய அரசின் அலுவலகம். முன்பு உதவி அரசாங்க அதிபர் பிரிவு, ஏ.ஜி.ஏ. ஒவ்வீஸ் என்று சொல்வார்கள். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியின் அதிகாரங்கள் பலவற்றை இந்த மட்டத்துக்கு இறக்கி, பிரதேச செயலாளர் என்ற பதவிக்குக் கொடுத்தது. அதிலிருந்து கச்சேரி மேற்பார்வை இடமாகிவிட்டது. பொதுமக்கள் அலுவல் எல்லாம் பிரதேச செயலகத்தில். பிரதேச சபை வேறு. அது 1987இன் 15ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, நாம் வாக்குப் போட்டு உறுப்பினரையும் தவிசாளரையும் உண்டாக்குகிற சபை.

எந்த வேலைக்கு எங்கே போவது? பிறப்பு, இறப்புச் சான்றிதழ் பிரதி, காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும, சமுர்த்தி போன்ற அரச உதவிகள், அடையாள அட்டை விண்ணப்பம், ஓய்வூதிய அலுவல் என்றால் பிரதேச செயலகம். சோலைவரி, கட்டட அனுமதி, வியாபார உரிமம், சந்தை, குப்பை, வாய்க்கால், சனசமூக நிலையம், தெரு விளக்கு, சுடலை என்றால் பிரதேச சபை, நகரமானால் நகர சபை அல்லது மாநகர சபை. வாகன வருமான உத்தரவுப்பத்திரம்தான் வேடிக்கை. அது மாகாணத்தின் வருமானம், ஆனால் நேரே போய் எடுப்பதானால் பிரதேச செயலகத்துக்குத்தான் போகவேண்டும். பிரதேச செயலாளர் மத்திய அரசின் உத்தியோகத்தர்தான், ஆனாலும் மாகாணத்தின் வேலைகள் சிலவற்றையும் அவர் மேசையில் வைத்துவிட்டார்கள். சாரதி அனுமதிப்பத்திரம் அப்படியல்ல, அது மத்திய அரசின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்.

சரி, எல்லைகளாவது ஒன்றா? அதுவும் இல்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நான்கு பிரதேச செயலகங்கள், பிரதேச சபைகள் மூன்றுதான். கண்டாவளை மக்கள் செயலக அலுவலுக்குக் கண்டாவளைக்கும், சபை அலுவலுக்குக் கரைச்சிப் பிரதேச சபைக்கும் போகவேண்டும். யாழ்ப்பாண மாநகர சபை யாழ்ப்பாணப் பிரதேச செயலகப் பிரிவோடு நின்றுவிடாமல் நல்லூர் செயலகப் பிரிவின் ஒரு பகுதியையும் உள்ளே எடுத்துக்கொள்கிறது. வலிகாமம் தெற்குக்குச் செயலகம் உடுவிலில், சபை சுன்னாகத்தில். இதற்கு மேல் ஒவ்வொரு திணைக்களமும் தன் பங்குக்குக் கோடு போட்டிருக்கிறது. கல்விக்கு வலயமும் கோட்டமும், சுகாதாரத்துக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு, பொலிசுக்குப் பொலிஸ் பிரிவு, விவசாயத்துக்குக் கமநல சேவை நிலையம். ஒரே வீட்டுக்காரர் ஐந்தாறு வேறு வேறு எல்லைகளுக்குள் ஒரே நேரத்தில் வசிக்கிறார். புதிதாக ஊர் மாறி வருபவர் முதலில் தன் கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. யாழ்ப்பாணத்தில் ஜே என்ற எழுத்தோடு தொடங்கும் அந்த இலக்கம். எந்தப் படிவத்திலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கிராம அலுவலர் பற்றி இரண்டு வார்த்தை. அறுபதுகளின் தொடக்கம் வரை அந்த இடத்தில் பரம்பரைச் செல்வாக்குள்ள விதானைமார் இருந்தார்கள், அவர்களுக்கு மேலே ஒரு காலத்தில் உடையார், மணியகாரர். 1963இல் அந்த முறையை ஒழித்துப் பரீட்சை எழுதி வருகிற கிராம சேவகரை நியமித்தார்கள். பிறகு கிராம அலுவலர் ஆனது. வயதானவர்கள் வாயில் இன்னும் விதானையார்தான், இளையவர்கள் ஜி.எஸ். என்பார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 14,000 பிரிவுகள், யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 435. வதிவிடச் சான்று, நற்சான்று, வாக்காளர் பதிவு, நிவாரணப் பட்டியல் என்று எதற்கும் முதல் கையெழுத்து இவருடையது. பெரும்பாலான சான்றுகளில் அதற்கு மேல் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும்.

என் பார்வையில், மாகாணமா மாவட்டமா என்று வாதம் செய்கிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் பிரதேச செயலகப் பிரிவுதான். 330க்கு மேல் பிரிவுகள் இருக்கின்றன, அவற்றின் அளவில் ஒரு நியாயமும் இல்லை. நெடுந்தீவில் 2012இல் நாலாயிரம் பேர்கூட இல்லை. அங்கே முழுப் பிரதேச செயலகம் இருக்கிறது. இருக்கவேண்டியதுதான், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் பயணிக்கிற தீவு அது. மறுபக்கம் நுவரெலியா மாவட்டத்தைப் பாருங்கள். அதே கணக்கெடுப்பில் ஏழு லட்சம் பேருக்கு ஐந்தே செயலகங்கள். அவற்றில் நுவரெலியா, அம்பகமுவ இரண்டிலும் தலா இரண்டு லட்சத்துக்கு மேல். ஆறு லட்சம் பேருள்ள அம்பாந்தோட்டைக்குப் பன்னிரண்டு, அதற்கும் குறைந்த யாழ்ப்பாணத்துக்குப் பதினைந்து. மலையகத் தோட்டத் தொழிலாளி ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய் நிற்கவேண்டியிருந்தது இதனால்தான். பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு அந்த மாவட்டத்தின் செயலகங்களைப் பத்தாக்க முடிவெடுத்தார்கள். தலவாக்கலை, நோர்வூட் போன்றவை அப்படி வந்தவை. சபைப் பக்கத்திலும் தோட்டங்களுக்கு இதே கதிதான். 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை தோட்ட லயன்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்கத் தடை இருந்தது.

எல்லை என்பது எண்ணிக்கை மட்டுமல்ல, யார் பெரும்பான்மை என்பதும் அதற்குள் வந்துவிடும். கல்முனை வடக்கில் தமிழர் பகுதிக்கு உப பிரதேச செயலகம் மூன்று தசாப்தங்களுக்கு மேலாக இருக்கிறது. அதை முழு அதிகாரத்தோடு தரமுயர்த்தவேண்டும் என்று தமிழர்கள் 2019இல் உண்ணாவிரதம் வரை போனார்கள். கல்முனை முஸ்லிம்களுக்கு அதில் வேறு கவலை: நகரமும் காணியும் யார் நிர்வாகத்துக்குப் போகும் என்பது. அதே அம்பாறை மாவட்டத்தில், கச்சேரி சிங்களவர் பெரும்பான்மையாக உள்ள அம்பாறை நகரில் இருப்பதால், தமிழ் பேசும் கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்று முஸ்லிம் கட்சிகள் நீண்ட காலமாகக் கேட்டு வருகின்றன. மூன்று சமூகமும் வாழ்கிற இடத்தில் எந்தக் கோட்டைப் போட்டாலும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான் அது போகும்.

மாகாண சபைகளின் இன்றைய நிலையையும் சொல்லவேண்டும். 13ஆம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன: மாகாணத்துக்கு உரியவை, மத்திய அரசுக்கு உரியவை, இருவருக்கும் பொதுவானவை. எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை வகுப்பது மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே மாகாணப் பட்டியலுக்குள் கை வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். பாடசாலைகளைப் பாருங்கள்: பெரும்பாலானவை மாகாணத்துடையவை, பெயர்பெற்றவை தேசிய பாடசாலை என்ற பெயரில் மத்திய அரசுக்குப் போய்விடும். ஆளுநரை நியமிப்பவரும் சனாதிபதி. 2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்த தேர்தலுக்குப் பிறகு, இதை எழுதும் வரை, எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடக்கவில்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், புது முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும், எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. பழைய முறையும் போனது, புதியது வரவும் இல்லை. சபைகளின் காலம் ஒவ்வொன்றாக முடிந்தபின் மாகாணங்களை ஆளுநரும் பிரதம செயலாளரும் நடத்துகிறார்கள். ஆக, தெரிவான வரிசையின் மேல்தட்டு காலி, 2025 மே மாதம் தேர்தல் நடந்த உள்ளூராட்சிச் சபைகள் மட்டும் இயங்குகின்றன.

புது மாவட்டமோ இணைந்த மாகாணமோ வர முடியுமா என்றும் சிலர் கேட்பார்கள், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தைப் பிரிக்கவும் சேர்க்கவும் நாடாளுமன்றத் தீர்மானத்துக்கு 5ஆம் உறுப்புரையே இடம் தருகிறது. மாகாண விஷயத்தில், அடுத்தடுத்துள்ள இரண்டு அல்லது மூன்று மாகாணங்களுக்கு ஒரே சபை அமைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 1988இல் வடக்கையும் கிழக்கையும் இணைத்தது அந்த வழியில் அல்ல, சனாதிபதி ஜெயவர்த்தன அவசரகால ஒழுங்குவிதியைப் பயன்படுத்திச் செய்தார். அப்புறம் கிழக்கில் நடத்துவதாகச் சொன்ன சர்வசன வாக்கெடுப்பு ஒவ்வொரு வருடமும் ஒத்திப்போடப்பட்டது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2007 சனவரி முதலாம் திகதியிலிருந்து கிழக்கு மறுபடி தனி மாகாணம். மறுபடி இணைக்கவேண்டுமானால் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும்.